நீலம் நமக்கு, பச்சை முருகனுக்கு

நெசவாளிகள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் விளக்கு வெளிச்சத்தில் யாரும் நூல் வாங்கமாட்டார்கள். எண்ணெய் விளக்கின் மஞ்சளில் பச்சையும் நீலமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பொழுது சாய்ந்தபின் நீலம் என்று வாங்கி வந்து, விடிந்ததும் பச்சையைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவனைத் தெருவே கேலி செய்யும். கல்யாணமாகி வந்த மறுவாரமே எனக்கு இது தெரியும். தெரிந்தும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி புறப்பட்ட அன்று, கிழக்கு வெளுக்கும் முன்னால் அகல் விளக்கை வைத்துக்கொண்டு பாலுக்கு உறை ஊற்றினேன். அன்று பகல் முழுக்க நான் பட்ட பாடு அதனால் வந்தது.

எதற்குப் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின மார்கழியில் என் கணவருக்குக் கண் நோய் வந்தது. சிவந்து, வீங்கி, பீளை கட்டி, நாலு மாதம் அவர் நெய்யவில்லை. தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, பாவு நூலின்மேல் கையை வைத்துத் தடவியபடி சும்மா உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது, அடுப்படிக்குப் போய்விடுவேன். அவருடைய அக்கா, புருஷன் போனபிறகு எங்களோடே இருந்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்தான் வேண்டிக்கொண்டார்: தம்பிக்குக் கண் தெரிந்தால் எங்கள் வீட்டுப் பசுவின் பாலைத் திரியாமல் கொண்டுவந்து முருகனுக்கு ஊற்றுகிறோம் என்று. ‘திரியாமல்’ என்ற வார்த்தையை அவர் சேர்த்திருக்கவே வேண்டாம். ஆனால் அண்ணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

சித்திரையில் சிவப்பு வடிந்தது. “தெரியுது” என்று சொல்லிவிட்டு அவர் தறியில் இறங்கினார். அண்ணி அன்றைக்கே ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். பால் திரிந்தால் கண் திரும்பவும் போய்விடும் என்று அண்ணி நம்பினார். என் கணவரும் நம்பினார். நான் மட்டும் என்ன, நானும்தான்.

காஞ்சிபுரத்திலிருந்து திருத்தணிக்கு மாட்டு வண்டியில் இருபத்தைந்து மைலுக்குக் குறையாது. அவர் வண்டியில் ஏறக்கூடாது, வெறுங்காலோடு நடக்க வேண்டும். பாலை ஊற்றும்வரை சாப்பாடும் கிடையாது. காவடி அடிவாரத்தில்தான் தோளேறும். அதுவரை பால் வண்டியில் என் பொறுப்பு. முறைப்படி காய்ச்சாத பால்தான் கொண்டுபோக வேண்டும். அது அரக்கோணம்கூடத் தாண்டாது என்று அண்ணியே முருகனிடம் பேசி, காய்ச்சிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். முருகன் என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் மத்தியானம் புதுக் கலயம் இரண்டு வாங்கி வந்தோம். ஒரே குயவர், ஒரே அளவு. ஒன்று முருகனுக்கு. இன்னொன்று எங்களுக்கு: விடியலில் பாலில் உறை ஊற்றிக் கட்டினால், உச்சிவேளைக்குப் புளிக்காத தயிராக இருக்கும், வழியில் சாதத்தில் பிசைந்துகொள்ளலாம். எங்கள் தெருவில் வெளியூர் போகிற எல்லோரும் செய்வதுதான். இரண்டும் கலந்துவிடக்கூடாதே என்று, காவடி எடுப்பவர் கையாலேயே இருக்கட்டும் என்று, என் கணவரே கலயங்களை வாசல் வெயிலில் வைத்துக்கொண்டு கழுத்தில் பட்டு நூல் கட்டினார். நெசவாளி முடிச்சு. இழுத்தாலும் அவிழாது, ஊறினாலும் அவிழாது.

“பச்சை கட்டினது முருகனுக்கு, நீலம் நமக்கு. மறந்துடாத” என்றார்.

மறக்கவில்லை. விடியலில் பாலைக் காய்ச்சி ஆற்றி இரண்டு கலயத்திலும் ஊற்றினேன். உறைமோரைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தால், அகல் வெளிச்சத்தில் இரண்டு நூலும் ஒரே கறுப்பு.

“இன்னாங்க, எது நீலம்?”

அவர் வந்து குந்தினார். இரண்டு கலயத்தின் கழுத்தையும் தொட்டுப் பார்த்து, ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். “இது.”

அதில் ஊற்றினேன். ஊற்றியதாகத்தான் நினைத்தேன். அண்ணி இரண்டுக்கும் மஞ்சள் துணியால் வாய் கட்டினார். ஒரு பழைய மரப்பெட்டியில் வேகவதி ஆற்று மணலை ஈரமாகக் கொட்டி, இரண்டையும் கழுத்துவரை புதைத்தேன். மேலே நனைத்த சாக்கு, சாக்குக்கு மேல் ஒரு பிடி வெட்டிவேர். மோர்க் கூஜாவும் பானகச் செம்பும் ஓரத்தில். வாழையிலையில் சுற்றிய வெள்ளரிப் பிஞ்சுகளையும் அதே மணலில் செருகினேன். வண்டிக்காரர் ஏனாத்தூரில் பயிர் வைக்கிறவர், திருவிழாவுக்குத் திருவிழா வண்டி ஓட்டுவார். பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நாத்து நட்டு வெச்சாப்பல இருக்குதும்மா” என்றார்.

விடிந்தது. சாக்கை விலக்கிப் பார்த்தேன். இப்போது பச்சை பச்சையாகவும் நீலம் நீலமாகவும் இருந்தன. நிம்மதியாக மூடினேன்.

குளிர்ச்சி என்பது ஒரு முறை செய்து முடிக்கிற வேலை இல்லை. சாக்கு காய்ந்தால் போச்சு. இரண்டு மைல்கல்லுக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். தோண்டியில் இருப்பது தீர்ந்தால் எந்தக் கிணற்றடி என்றாலும் இறங்கி ஓட வேண்டும். அதிகம் ஊற்றினால் மணல் சேறாகிக் கலயம் சாயும். குறைத்தால் மணல் சூடேறும். ஆடிக் காற்று புழுதியோடு அடித்தது. புழுதியைத் திட்டினேன், காற்றைக் கும்பிட்டேன். ஈரச் சாக்கில் அந்தக் காற்று பட்டால்தான் உள்ளே சில்லென்று இருக்கும். அதனால் கூண்டு வண்டியின் முன்னும் பின்னும் படுதாவைத் தூக்கிக் கட்டச் சொன்னேன். கண்ணில் மண் விழுகிறது என்று அண்ணி முனகினார். “தம்பி கண்ணு பெரிசா, உங்க கண்ணு பெரிசா அண்ணி?” என்று கேட்டேன். முந்தானையை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

என் கணவர் வண்டியின் பின்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். களைப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். மைல்கல் வரும்போதெல்லாம், “பால் எப்படி இருக்குது?” என்பார். கையைச் சாக்கின்கீழ் விட்டு, “சில்லுனு இருக்குதுங்க” என்பேன். அதைத் தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை. தோளில் காவடி இல்லாமலேயே அவர் முதுகு வளைந்திருந்தது.

உச்சிவேளைக்குச் சற்று முன்பு, அரக்கோணம் போய்ச்சேரும் முன்னால், ஒரு மாந்தோப்பில் வண்டியை அவிழ்த்தோம். கிணறு இருந்தது. அவர் குளிக்கப் போனார். வண்டிக்காரர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அண்ணி இலை விரிக்க இடம் பெருக்கினார். நான் நீல நூல் கட்டிய கலயத்தை எடுத்து வாய்த்துணியை அவிழ்த்தேன்.

உள்ளே பால். தயிர் இல்லை. ஆட்டினால் தளும்புகிற பால்.

ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். உறை ஊற்றின பால் இப்படியா இருக்கும்? அப்படியானால் உறை எதில் விழுந்தது? அவர் நகர்த்தின கலயத்தில் ஊற்றாமல் பக்கத்தில் இருந்ததில் ஊற்றிவிட்டேனா? உறைமோரை எடுக்கத் திரும்பினேனே, அப்போது கை மாறிவிட்டதா? முருகன் கலயத்தைத் திறந்து பார்க்கலாம் என்றால், மலைமேல்தான் அதன் வாய் திறக்க வேண்டும் என்று அண்ணியின் கட்டளை. விரலை விட்டு ருசி பார்த்தாலும் அது எச்சில்.

அண்ணி எட்டிப் பார்த்தார். “இன்னாமா, தோயலியா?”

“இல்லீங்க அண்ணி.”

“எப்படித் தோயும்? வழியெல்லாம் தண்ணியை ஊத்திக் குளிர வெச்சிக்கினே வந்தா? அதைத் தூக்கி வெயில்ல வையி, நான் முழுகிட்டு வர்றதுக்குள்ள தோஞ்சிடும்.” சொல்லிவிட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குளத்துக்குப் போனார்.

அதுவும் இருக்கலாம் என்று தோன்றியது. குளிரில் உறை சோம்பிக் கிடக்கிறதோ என்னவோ. அந்த ஒரு நூல் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு, நீல நூல் கலயத்தின் வாயைத் திரும்பக் கட்டித் தோப்புக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வெயிலில் வைத்தேன். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். தோய்ந்துவிடு, தோய்ந்துவிடு என்று அதைக் கெஞ்சினேன். காலையிலிருந்து ஒரு கலயம் தோயக்கூடாது என்று கும்பிட்டுவிட்டு, இப்போது இன்னொரு கலயம் தோயவேண்டும் என்று கும்பிடுகிறவளைப் பார்த்து முருகன் சிரித்திருப்பான்.

அவர் ஈரவேட்டியோடு கிணற்றிலிருந்து வந்தார். கலயத்தின் கிட்டே வந்ததும் நின்றார். குனிந்து தூக்கினார். அவருடைய கட்டைவிரல் விளிம்புக்குக் கீழே எதையோ தேடிப் போய் நின்றது.

“புத்தி இருக்குதா உனக்கு? முருகன் பானையைக் கொண்டாந்து வெயில்ல வெச்சிருக்கிற?”

“இது நம்ம பானைங்க. தயிர் தோயல, அண்ணிதான்…”

“குயவன் விரல் அழுந்தின பானை இது. தொட்டுப் பாரு. நேத்து நான்தான பார்த்துப் பார்த்துக் கட்டினேன்? இதோ, பச்சை.”

நூலை விரலால் இழுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். தலைக்கு மேல் சூரியன். சுற்றிலும் நிழல் இல்லை. அவர் விரலில் இருந்தது நீலம். எந்த வெளிச்சத்திலும், எந்தக் குழந்தையும் சொல்லிவிடக்கூடிய நீலம்.

அவருக்கு என்மேல் நிஜமான கோபம். அந்தக் கோபத்தில் பொய்யே இல்லை. அதுதான் என்னை உடைத்துவிட்டது.

“பார்க்கலீங்க, தெரியாம வெச்சிட்டேன்” என்றேன். கலயத்தை என் கையில் கொடுத்துவிட்டு வேட்டியைப் பிழியப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். பாவில் இழை கோத்ததுபோல எல்லாம் சரியாக வந்து நின்றது. நேற்று வெயிலில் கட்டும்போதே நீலத்தைப் பச்சை என்று கட்டியிருக்கிறார். விடியலில் கண்ணால் பார்த்து அல்ல, குயவன் விரல் அழுந்திய பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் மற்றதை என் பக்கம் நகர்த்தினார். நான் சரியான கலயத்தில்தான் உறை ஊற்றியிருக்கிறேன். என் கையில் இருப்பதுதான் முருகன் பால். அதற்குள் ஒரு சொட்டு உறையும் விழவில்லை.

பால் பிழைத்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

சித்திரையிலிருந்து அவர் தறியில் உட்கார்ந்து, ஊடை நூலுக்கு நிறம் மாற்றும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். “உன் கையால எடுத்துக் குடு. உன் கை பட்டா ராசியா இருக்குது” என்பார். உலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு என் கை ராசி என்று. அந்த மாந்தோப்பில் அதை நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அவர்மேல் கோபம், அதைவிட என்மேல் கோபம், எல்லோரையும்விட மலைமேல் உட்கார்ந்து பாலுக்குக் காத்திருந்தவன்மேல் கோபம்.

ஆனால் கோபப்பட நேரம் இல்லை. அண்ணி வந்துவிடுவார். அவர் கண்ணுக்குப் பச்சை முருகனுடையது. பச்சைக் கலயத்திலிருந்து நான் தயிரை ஊற்றினால் தோப்பே அதிரும். நூலை மாற்றிக் கட்டலாம் என்றால், அவிழாத முடிச்சு. வெள்ளரி நறுக்கக் கொண்டுவந்த அரிவாள்மணையில் இரண்டு நூலையும் அறுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பச்சை இருந்த கலயத்தைத் திறந்தேன். வெட்டி எடுக்கலாம் போலத் தயிர் தோய்ந்திருந்தது. அதை அப்படியே சாதப் பாத்திரத்தில் கவிழ்த்தேன். பாலைத் திரும்ப மணலில் புதைத்து, சாக்கு சொட்டச் சொட்டத் தண்ணீர் ஊற்றினேன். கலயத்தின் வயிறு வெயிலில் வெதுவெதுத்துவிட்டிருந்தது.

அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து சாதத்தைப் பார்த்தார். “பார்த்தியா? வெயில்ல வையின்னு சொன்னேன் இல்ல?” என்று பெருமையாகச் சிரித்தார். அப்புறம் மணல் பெட்டியைப் பார்த்தார். “பச்சை நூலு எங்கடீ?”

“ரெண்டும் அறுந்துபோச்சு அண்ணி. ஊறிப்போய்…”

“அறுந்துபோச்சா? வேண்டுதல் பாலுக்குக் கட்டினது அறுந்துபோச்சா?” நெற்றியில் அடித்துக்கொண்டார். அவசர அவசரமாகத் தன் முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள் துணியில் ஒரு துண்டைக் கிழித்து அந்தக் கலயத்தின் கழுத்தில் கட்டினார். என் கை உருப்படாத கை என்றார். வாங்கிக்கொண்டேன்.

என் கணவர் மாமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுந்துபோச்சு என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. தன் முடிச்சு அறுந்ததாக அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானத்துக்குமேல் வழி நீளமாகிவிட்டது. வெயிலில் நின்ற பால் இனி எந்த நேரமும் திரியலாம். நான் ஓயாமல் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து, அரக்கோணத்தில் வண்டிக்காரர் சட்டென்று இறங்கி ஸ்டேஷன் பக்கம் போனார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் யாரோ இருந்தார். மரத்தூளும் சாக்கும் சுற்றி, தேங்காய் அளவுக்கு ஒரு ஐஸ் கட்டி கொண்டுவந்தார். நான் அதுவரை ஐஸைத் தொட்டதில்லை. தொட்டதும் விரலைச் சுட்டது.

“எந்தத் தண்ணியோ, யார் கையோ! முருகன் பாலுகிட்ட வரக்கூடாது” என்று அண்ணி பெட்டியின்மேல் கையை விரித்துக்கொண்டார்.

“பாலுமேல படாதுக்கா, மண்ணுக்கு அடியிலதான் வெக்கப்போறேன்” என்றார் வண்டிக்காரர். மண்ணுக்கு அடியில் என்றால் பரவாயில்லையா என்று அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தார். அதற்குள் நான் பெட்டியின் மூலையில் மணலைத் தோண்டி வைத்து மூடிவிட்டேன். அது உருகி, பெட்டியின் இடுக்கு வழியாகத் திருத்தணிவரை சொட்டிக்கொண்டே வந்தது.

நான் சொட்டுவதைப் பார்க்கவில்லை. என் கணவர் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளத்தில் வண்டி இறங்கினால், பின்சட்டம் இறங்குவதைக் கையில் உணர்ந்தபிறகுதான் அவர் காலை வைக்கிறார். காலையிலிருந்து அப்படித்தான் நடந்து வந்திருக்கிறார். ஒரு மைல்கல்லில் அவர் கேட்டார், “பால் எப்படி இருக்குது?” “சில்லுனு இருக்குதுங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பொழுது சாயும்போது அடிவாரம் சேர்ந்தோம். கலயத்தைக் காவடியில் கட்டித் தோளேற்றினார்கள். கூட்டம், மேளம், அரோகரா. படியேறும்போது அவருக்கு முன்னால் ஒரு படி நான் ஏறினேன். என் கொலுசுச் சத்தத்தை வைத்து அவர் காலெடுத்து வைத்தார். அதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

மேலே விளக்கு வைத்துவிட்டார்கள். குருக்கள் மஞ்சள் துணியை அவிழ்த்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “திவ்யமா இருக்கு” என்றார் குருக்கள். பால் கட்டியில்லாமல், நூல்போல ஒரே சீராக இறங்கியது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டு விம்மினார். “எந்தம்பிக்குக் கண்ணைக் குடுத்துட்டான். குடுத்துட்டான்மா.” என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவனைப் பார்த்து, ‘இருபத்தைந்து மைல் திரியாமல் கொண்டுவந்தேனே, நீ உன் பங்கைச் செய்தாயா?’ என்று மனசுக்குள் கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அண்ணி பிரசாதம் வாங்கப் போனார். நாங்கள் இருவரும் மண்டபத்துத் தூணருகே உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது.

“அந்த நூலை வெச்சிக்கினுதான இருக்கிற?” என்றார்.

இடுப்பிலிருந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அறுபட்ட நுனியைத் தடவிப் பார்த்தார். தன் முடிச்சு அப்படியே இருப்பதையும் தடவிப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் தன் உள்ளங்கையில் தனித்தனியாக வைத்து என் முன்னால் நீட்டினார்.

“இதுல எது பச்சை?”

குனிந்து பார்த்தேன். அகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே கறுப்பு.

“இந்த வெளிச்சத்துல எனக்கும் தெரியலீங்க” என்றேன். அது நிஜம். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரிந்தது.

அவர் விரல்களை மடக்கிக்கொண்டார். “விடியட்டும், பார்த்துச் சொல்லு” என்றார்.

விடிந்ததும் சொன்னேன். நீலத்தை இடது கை விரலில் சுற்றிக்கொண்டார், பச்சையை வலது கை விரலில். பிள்ளையார்பாளையம் வந்து சேரும்வரை இரண்டையும் அவர் அவிழ்க்கவில்லை.